டொறத்தி காத்த கதவு

பீலெஃபெல்ட் நகரில், புகையிரத நிலையத்துக்குப் பின்புறத் தெருவொன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீடு இருந்தது. ஜன்னல்களில் கனத்த திரை. சாம்பல் நிற இரும்புக் கதவு. கதவில் கண் மட்டத்துக்கு, உள்ளேயிருந்து மட்டும் திறக்கக்கூடிய உள்ளங்கை அகலச் சிறு கதவு. பக்கத்தில் ஒரு மணி. மணியை அடித்தால் சிறு கதவு திறக்கும், ஒரு கண் பார்க்கும். வந்திருப்பது பெண் என்றால் உள்ளே ஒரு பொத்தான் அழுத்தப்படும், பூட்டு உறுமித் திறக்கும். ஆண் என்றால் சிறு கதவு மூடிக்கொள்ளும். காரணம் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது.

எண்பத்தாறாம் ஆண்டின் தபசுகாலத்தில் டொறத்தி முதன்முதலாக அந்த மணியை அடித்தாள். அனுப்பியவர் ஜேசுரட்ணம். பாவத்துக்குப் பரிகாரமாக அனுப்பினார்.

டொறத்தி மன்னாரிலிருந்து வந்தவள். எண்பத்துநான்கில் கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் ஓட்டைகளோடு கரை ஒதுங்கியது. அடுத்த ஆண்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்குள் வந்தாள். பீலெஃபெல்ட்டின் ஓரத்தில், பழைய தொழிற்சாலை விடுதி ஒன்றை அகதிகளுக்கான ஹைம் ஆக்கியிருந்தார்கள். அங்கே அவளுக்கும் மகளுக்கும் கிடைத்த அறையில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். பேசாலையைச் சேர்ந்த யோசப்பின். ஊரில் தாதியாக இருந்தவள், டொறத்தியைவிட இளையவள், பயமில்லாமல் சிரிப்பவள்.

எப்படித் தொடங்கியது என்று டொறத்தி ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் அறையின் வெப்பக்குழாய் பழுதாகிக் கிடந்தது. யோசப்பின் அவளுக்குத் தலை இழுத்துவிடுவாள். சீப்பு நின்ற பிறகும் கை தலையிலேயே இருக்கும். டொறத்தி நகரமாட்டாள். கணவன் போனதன்பின் அவள் உடம்புக்குச் சூடு திரும்பியது அப்போதுதான். அதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஜேசுரட்ணம் ஊரில் வர்த்தகபாடம் படிப்பித்தவர். எண்பத்துமூன்றிலேயே வந்துவிட்டதால் அவருக்குத் தனி வீடு இருந்தது, கார் இருந்தது, கொஞ்சம் டொச், அதாவது ஜேர்மன் மொழி, இருந்தது. அரசாங்கக் கந்தோருக்குப் போகிற எவருக்கும் மொழிபெயர்க்க அவர் வேண்டும். ஞாயிறு செபமாலையை நடத்தவும் அவர்தான் வேண்டும். ஹைமில் அவர் எந்த அறைக் கதவையும் தட்டுவதில்லை. யாரோ ஒருவரின் நன்மைக்காகவே எப்போதும் வருவதால், தட்டவேண்டிய தேவை தனக்கு இல்லையென்று நினைத்திருந்தார். அன்றும் யோசப்பினுக்குக் கந்தோரில் கொடுத்த டெர்மின் எந்த நாளில் என்று சொல்லத்தான் வந்தார். கதவைத் திறந்தார். பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல், சத்தம் கேட்காதபடி மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

அப்படி மெல்லச் சாத்தியதைத்தான் டொறத்தியால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் கோபம் என்று விட்டிருப்பாள். மெல்லச் சாத்துகிறவன் யோசித்துக்கொண்டு போகிறான்.

யோசித்து, பாரிஸில் இருந்த யோசப்பினின் தமையன் ராசனுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த வாரக் கடைசியில் ராசன் காரோடு வந்தான். யோசப்பினிடம் எல்லை தாண்டக் கடதாசி இல்லை. பின்இருக்கையில் போர்வைக்குள் படுக்கவைத்துக் கொண்டுபோனான். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை என்பதே சரி, தலையில் தமையனின் கை இருந்தது. சீப்பு ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

மறுநாள் ஜேசுரட்ணம் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவளுக்கு அங்கை ஒரு நல்ல இடத்திலை பேசியாச்சு. உமக்கு ஒரு பிள்ளை இருக்கிறபடியால் விடுறன். நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன். நீரும் அவள் எங்கை, என்ன நம்பர் எண்டு கேக்கக்கூடாது."

மகள் கதவோரம் நின்றாள். அகதி விண்ணப்பத்தின் ஒவ்வொரு படியும் அவர் நாக்கில் இருந்தது. டொறத்தி சொன்னாள்: "நன்றி அண்ணை."

அந்த நன்றி அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. சோறு உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை. ஒருநாள் அதைத் திருப்பி எடுப்பேன் என்று அவள் மாதாவிடம் சத்தியம் செய்தாள். மாதா மறுப்புச் சொல்லவில்லை.

அந்த நத்தாருக்கு ஹைமுக்கு உடுப்பும் விளையாட்டுப் பொருளும் கொண்டுவந்த கூட்டங்களில் ஒன்று பெண்கள் மட்டுமே கொண்டது. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். நகை இல்லை, பூச்சு இல்லை. நாங்கள் ஒரு பெண்கள் வீட்டிலிருந்து வருகிறோம், ஆண்களை உள்ளே விடுவதில்லை, சமையலுக்கு ஒரு கை தேவை என்றார்கள். ஜேசுரட்ணத்துக்கு உடனே விளங்கிவிட்டது. ஹைமுக்கு வந்துபோகும் சமூகசேவைக்காரி ஒரு கன்னியாஸ்திரி என்பதை, சட்டையும் பாவாடையும் போட்டிருந்த அவளிடமே கேட்டு அறிந்து ஊருக்குச் சொன்னவர் அவர். அன்றிலிருந்து இந்த விடயத்தில் அவர்தான் நிபுணர்.

"இஞ்சை இப்ப கன்னியாஸ்திரிமார் உடுப்புப் போடுறேல்லை" என்று செபமாலைக்கு வந்தவர்களுக்கு விளக்கினார். "மயிரைப் பார்த்தால் தெரியும்."

டொறத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கன்னியர் மடத்தில் போய் வேலை செய்தால் மனம் திருந்தும் என்றார். அகதிக்கு வேலை செய்ய அனுமதியில்லாத காலம். மடத்துக்கு உதவுவதை ஆர் கேட்கப்போகிறார்கள்?

அப்படித்தான் அவள் அந்த மணியை அடித்தாள். உள்ளே போய்க் குசினியைத் தேடும்போது, காசு போட்டால் சிகரெட் தரும் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் முத்தமிட்டுக்கொண்டு நின்றார்கள். அவசரமில்லாமல். ஒருத்தி அவளுக்கு வழிவிட்டு, வணக்கம் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டொறத்தி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம் உரித்தாள். தேவைக்கு மேலே உரித்தாள். அழுகை முதலில் வந்தது. அதன்பின் சிரிப்பு வந்தது. ஜேசுரட்ணம் அவளைத் திருத்த அனுப்பிய இடம் இது. யோசப்பினைக் காரில் ஏற்றி அனுப்பிய அதே கை, அவளைக் கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறது. இந்தக் கையை ஒருநாள் கதவுக்குள் வைத்து நெரிக்கவேண்டும் என்று நினைத்தாள். அன்றைக்கு அதற்கு வழி தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊர் கேட்டால், ஓம், மடம்தான், நல்ல அமைதி என்று சொன்னாள்.

அந்த இடத்தை நடத்தியவள் ஹன்னலோர. அறுபதை நெருங்கிய, கனத்த, கால்வலிக்காரி. தன் இளமைக்காலத்தில் இப்படியொரு இடத்தில் பொலிஸ் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனதால் வேலையை இழந்தவள். அதனால்தான் இரும்புக் கதவு. பகலில் குழந்தைகளோடு வருவார்கள், கோப்பி குடிப்பார்கள். பின்னேரம் பாட்டுப் போட்டு ஆடுவார்கள். கன்னம் வீங்கி வந்தவள் எவளென்றாலும் மேல்மாடியில் படுக்க இடம் இருந்தது. டொறத்தி குசினியில் தொடங்கினாள். ஹன்னலோரவின் கால் மோசமாகியபோது கதவுக்கு வந்தாள். சிறு கதவின் வில்லுச்சுருள் தளர்ந்திருந்தது. அதை அவளே மாற்றினாள். அதன்பின் அது படக்கென்று மூடும்.

எண்பத்தெட்டு மாசியில் தமிழரைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு பலமாக எழுந்தது. ஹன்னலோரவின் ஆட்கள் கூடிப் பேசினார்கள். தமிழ் அகதிகளுக்கு ஆதரவாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் வைப்பது, பத்திரிகைக்காரியைக் கூப்பிடுவது, அன்றைக்கு மட்டும் ஆண்களையும் உள்ளே விடுவது. கடைசி விடயத்தில் பெரிய சண்டை நடந்தது. ஒரு தடவை திறந்தால் பிறகு மூட ஏலாது என்றார்கள் மூத்தவர்கள். எல்லாக் காலமும் ஒளிந்திருக்கப் போகிறோமா என்றார்கள் இளையவர்கள். இளையவர்கள் வென்றார்கள்.

ஜேசுரட்ணத்தை அழைக்கும் பொறுப்பு டொறத்தியிடம் வந்தது. அவருடைய வீட்டு வாசலில் வைத்துக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. மடத்துக்குள் ஆண்களை விடுவது லேசான காரியமா? அது தனக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

டொறத்தி வீடு திரும்பவில்லை. நேரே ஹன்னலோரவிடம் போய், சுவரிலுள்ள படங்களை அன்றைக்கு மூடவேண்டும் என்றாள். ஹன்னலோர மறுத்தாள். வாழ்நாளில் பாதியை மூடி மூடியே கழித்துவிட்டேன், விருந்தாளிக்காகவும் மூடமாட்டேன் என்றாள். அப்போது டொறத்தி, தனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சில், யோசப்பினைப் பற்றிச் சொன்னாள். முதன்முதலாக இன்னொரு மனுசியிடம் சொன்னாள். வெப்பக்குழாய், சீப்பு, மெல்லச் சாத்திய கதவு, நன்றி. சொல்லி முடித்து, தான் செய்யப்போவதையும் சொன்னாள்.

ஹன்னலோர எழுந்து, வலிக்கிற காலோடு தானே ஏணியை எடுத்துவந்தாள். என்ன நிறத் துணி என்று மட்டும் கேட்டாள்.

"ஊதா" என்றாள் டொறத்தி.

பாடுகளின் காலம் தொடங்கும் ஞாயிறு அது. கோயில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடும் நாட்கள். இரும்புக் கதவு அன்று அகலத் திறந்து கிடந்தது. ஜேசுரட்ணம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன்னே வந்தார். பின்னால் மனைவி அன்ரனிற்றா. அவர்களுக்குப் பின்னால் செபமாலைக் கூட்டம் முழுவதும். உள்ளே நுழைந்து, ஊதா போர்த்திய சுவர்களைப் பார்த்து ஆழமாகத் தலையசைத்தார். அன்றைக்கு இளம் பெண்கள் பலர் ஊதா நிறத் தொங்கல் காற்சட்டை போட்டிருந்தார்கள். அது அவர்களின் கொடியின் நிறம். அவர் அதையும் பார்த்தார், அதற்கும் தலையசைத்தார்.

பார் மேசைக்குப் பின்னால் போத்தல்கள் வரிசையாக நின்றன. கூட்டத்தில் ஒருவர் அவரிடம் காதோடு ஏதோ கேட்டார்.

"இஞ்சத்தை மடங்களிலை பியர் அவையளே காய்ச்சுறவை" என்றார் ஜேசுரட்ணம். "நீர் புதுசு. உமக்குத் தெரியாது."

டொறத்தி றோல்ஸ் தட்டோடு அவர் பின்னால் நின்றாள். சிரிப்பு வரவில்லை. வலையில் கனம் ஏறும்போது வள்ளத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

ஹன்னலோரவின் கையை இரண்டு கைகளாலும் பற்றி, "மதர்" என்று அழைத்து, ஜேசுரட்ணம் எழுந்து பேசினார். தமிழில் நீளமாகவும் டொச்சில் சுருக்கமாகவும் பேசினார். இந்த நாட்டில் நான் கண்ட வீடுகளில் இதைவிடத் தூய வீடு இல்லை என்றார். ஆண்வாசனை இல்லாமல், ஒருவருக்கொருவர் அன்பாய் வாழும் இந்தப் பெண்களைப் பார்த்து எங்கள் பெண்பிள்ளைகள் படிக்கவேண்டும் என்றார். ஒவ்வொரு தாயும் தன் மகளைக் கிழமைக்கு ஒருதடவையாவது இங்கே கூட்டிவரவேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொண்டார். டொச்சில் கேட்டபோது இளம் பெண்கள் மேசையில் தட்டி ஆரவாரித்தார்கள். ஒருத்தி கண் துடைத்தாள். இப்படி ஒரு ஆண் பேசி அவர்கள் கேட்டதில்லை. பத்திரிகைக்காரி படம் எடுத்தாள். பங்குக் கோயிலின் சுவருக்கும் ஒரு பிரதி கேட்டார் ஜேசுரட்ணம். பிறகு முழந்தாளிட்டு, செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னார். ஹன்னலோரவும் தலைகுனிந்து நின்றாள்.

எல்லோரும் போனார்கள். ஜேசுரட்ணம் கடைசியாக மேலங்கியைத் தேடினார். டொறத்தி அதை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சுவரருகே போய், முதலாவது துணியைப் பிடித்து இழுத்தாள்.

படத்தில், இந்த அறையின் நடுவில், இரண்டு பெண்கள் இறுகக் கட்டிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் வாய் மற்றவளின் கழுத்தில் இருந்தது. இரண்டாவது துணியை இழுத்தாள். அதில் மறைக்க எதுவும் இருக்கவில்லை. மூன்றாவதை இழுக்கத் தேவைப்படவில்லை.

"இது மடமில்லை, அண்ணை."

அவர் பார்வை படத்திலிருந்து போத்தல்களுக்கும், போத்தல்களிலிருந்து ஊதாக் காற்சட்டைகளுக்கும் போனது. அங்கே சபினா என்ற இளம்பெண் தன் தோழியின் மடியில் தலைவைத்துப் படுத்து, மிஞ்சிய றோல்ஸ் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன இடம் இது?"

"என்னைத் திருந்தச் சொல்லி நீங்கள் அனுப்பின இடம்."

அவர் மேலங்கியின் பொத்தானை மாறித் துளையில் மாட்டி, திரும்பக் கழற்றினார். டொறத்தி அவருக்கு நேரம் கொடுத்தாள். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது.

"நீங்கள் இதைப்பற்றிப் பிரசங்கம் வைச்சிட்டியள். முழங்காலிலை இருந்திட்டியள். படம் கோயில் சுவரிலை வரப்போகுது. இனி இது மடம்தான். நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன். நீங்களும் திறக்கக்கூடாது."

தன் சொல் தன்னிடமே வந்தது அவருக்கு விளங்கியது. காது சிவந்தது.

"உமக்கு என்ன வேணும்?"

"யோசப்பின்ரை நம்பர்."

"அவள் இப்ப குடும்பமாய் இருக்கிறாள், டொறத்தி. பிள்ளையும் இருக்கு."

"நம்பர்."

அவர் எதையும் பார்க்காமல், மனப்பாடமாகச் சொன்னார். இந்த இரண்டு வருடமும் அந்த இலக்கத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்காக அவள் தண்டனையைக் கூட்டினாள்.

"இன்னொண்டு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அன்ரனிற்றா அக்காவை இஞ்சை கொண்டுவந்து விடுங்கோ. நீங்கள்தானே கேட்டுக்கொண்டனீங்கள். உங்களுக்கு உள்ளுக்கை வர ஏலாது. வெளியிலை காரிலை இருங்கோ."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். மெல்லச் சாத்தினாள், சத்தம் கேட்காதபடி.

பாருக்குப் பின்னாலிருந்த தொலைபேசியில் இலக்கத்தைச் சுழற்றினாள். ஹன்னலோர எழுந்து போய் எல்லோரையும் குசினிக்குள் தள்ளினாள். மறுமுனையில் முதலில் ஒரு குழந்தை அழுதது. அதன்பின் அந்தக் குரல்.

"ஆர் கதைக்கிறது?"

டொறத்தி பெயரைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். துணி, காற்சட்டை, மதர், செபமாலை. யோசப்பின் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்ட, பழையபடி பயமில்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே உடைந்து அழுகையானது என்பது பிடிபடவில்லை.

"முழங்காலிலையோ அக்கா?"

"ஓம். முழங்காலிலை."

"எனக்கு இது காணும். இனி எடுக்காதேங்கோ. என்ரை மனுசன் வீட்டிலை நிக்கேக்கை போன் மணி அடிச்சால் என்னாலை ஏலாது."

"நான் எடுக்கமாட்டன். நீ வா. வந்து மணியை அடி. நான் கதவிலைதான் நிப்பன்."

யோசப்பின் தொலைபேசியை வைக்கவில்லை. குழந்தை திரும்ப அழுதபோது கம்பி அறுந்தது.

செவ்வாய்க்கிழமை தவறாமல் ஜேசுரட்ணத்தின் கார் வந்தது. அன்ரனிற்றா இறங்கி மணி அடிப்பார். டொறத்தி சிறு கதவைத் திறந்து, முதலில் தெருவுக்கு அப்பால் காருக்குள் இருப்பவரைப் பார்ப்பாள். அவர் பார்க்கும்வரை பார்ப்பாள். பிறகுதான் பூட்டு உறுமும். மழையிலும் பனியிலும் அவர் அங்கேயே இருந்தார். போய்விட்டு வரலாம். போகவில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்ற எண்ணம் அவரைப் போகவிடவில்லை. மற்றத் தாய்மாரும் வரத்தொடங்கினார்கள். தேநீர் குடித்தார்கள், வாயில்வந்ததைக் கதைத்தார்கள், மாமியாரும் புருசனும் இல்லாத ஓர் அறையில் காலை நீட்டினார்கள். ஒருநாள் அன்ரனிற்றா டொறத்தியின் காதருகே குனிந்தார்.

"இது என்ன இடம் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். இவருக்குச் சொல்லிப்போடாதையும், பாவம். இவர் மடம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

டொறத்தி சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாரம் முழுவதும் அவளுக்கு நல்ல நித்திரை வந்தது.

எண்பத்தொன்பதில் ஹன்னலோர ஓய்வெடுத்தாள். சபினாவும் இளையவர்களும் பொறுப்பெடுத்தார்கள். எயிட்ஸ் நோயால் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்த ஆண் நண்பர்கள் அவர்களுக்கு இருந்தார்கள். அந்த ஆண்களை வேறு எந்த இடமும் கிட்ட எடுக்கவில்லை. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிற ஒருத்தி இரண்டு தடவை மணி அடித்து, இரண்டு தடவையும் வாசலோடு திரும்பியிருந்தாள். இது எங்களுக்கு வெட்கம் என்றாள் சபினா. திரையைக் கழற்றுவோம், சிறு கதவையும் மணியையும் எடுப்போம், எல்லோரும் வரட்டும். மூத்தவர்களில் சிலர் எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை.

டொறத்தி எழுந்து போகவில்லை. கதவைத் திறவுங்கள் என்றாள். திரும்பிப்போனவளை நானே போய்க் கூட்டிவருகிறேன் என்றாள். மணியையும் சிறு கதவையும் மட்டும் தொடவேண்டாம். மணி எதற்கு என்று கேட்டார்கள். ஒருத்தி வருவாள், அவளுக்கு மணி அடிக்கத்தான் தெரியும் என்றாள். சபினா மேலே கேட்கவில்லை.

யோசப்பின் வரவில்லை. அந்த வருடமும் வரவில்லை, பிறகும் வரவில்லை. டொறத்தி சாகும்வரை, மணி அடிக்கும்போதெல்லாம் கையிலுள்ளதைக் கீழே வைத்தாள்.

திரை கழன்ற ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கடும் மழை. கதவு அகலத் திறந்து கிடந்தது. எல்லோரும் வரலாம் என்று கண்ணாடியில் பெரிதாக எழுதியிருந்தார்கள், தமிழிலும். தமிழை எழுதியது டொறத்திதான். ஜேசுரட்ணத்தின் காரில் வெப்பம் வேலை செய்யவில்லை. அவர் அதை வாசித்தார். கொஞ்சம் யோசித்தார். இறங்கி, தெருவைக் கடந்து, வாசற்படிவரை வந்து நின்றார். தலைமயிர் நரைத்து, நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. டொறத்தி நிலைக்கு நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் வரலாம் எண்டு போட்டிருக்கு" என்றார்.

"ஓம். எல்லாரும் வரலாம்."

அவள் நகரவில்லை. அவர் அவளுக்குப் பின்னால், வெளிச்சத்தில், மனைவி யாரோடோ கைதட்டிச் சிரிப்பதைப் பார்த்தார்.

"டொறத்தி. நாலு வருசமாச்சு."

"மணியை அடியுங்கோ, அண்ணை."

அவள் உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்தினாள். மணி அடித்தது. உள்ளே கதை ஒருகணம் நின்றது. டொறத்தி சிறு கதவைத் திறந்தாள். மழையில் நனைந்த முகம் ஒன்று, மிகக் கிட்ட, கேட்கத் தயாராக நின்றது. அவள் அதை வடிவாகப் பார்த்தாள். வில்லுச்சுருளை விட்டாள். படக்கென்று மூடியது.

"ஆரது?" என்று உள்ளேயிருந்து அன்ரனிற்றா கேட்டார்.

"ஒருத்தருமில்லை அக்கா. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."